காற்றுக்கு விடுப்பு

அந்த அறைக்கு ஜன்னல் கிடையாது.
வெளியே வாடையும் கோடையும் ஒன்றையொன்று துரத்தி
வடகடலைப் புரட்டிக்கொண்டிருப்பது
வீப்கேவுக்கு ஓர் எண்ணாகத்தான் வந்துசேர்கிறது:
நொடிக்குப் பத்தொன்பது மீட்டர்.

பிப்ரவரி. செவ்வாய் இரவு ஒன்பதே கால்.
வடக்கே காற்றாலைகள் பேய்பிடித்துச் சுற்றுகின்றன.
தெற்கே, மலையடிவார ஊர்களில், ஓர் இலை அசையவில்லை.
பகலெல்லாம் மூடுபனி;
கூரைமேல் சூரியத் தகடுகள் வெறும் கண்ணாடி.
பந்தி இங்கே, பசி அங்கே,
நடுவில் ஓர் ஒற்றையடிப் பாதை.

அகலமான பாதை ஒன்று வரப்போகிறது.
பதினோரு வருடமாக வரப்போகிறது.
வரைபடத்தில் அது சிவப்புக் கோடு.
ஓர் ஊரில் வௌவாலுக்காக வளைந்தது,
இன்னோர் ஊரில் யாருடைய கண்ணுக்கும் படக்கூடாதென்று
மண்ணுக்குள் இறங்கியது,
மூன்றாவது ஊரில் நீதிமன்ற வராந்தாவில்
மேலங்கியைக் கழற்றாமல் உட்கார்ந்திருக்கிறது.

ஆகவே வீப்கே திரையில் ஒரு கட்டத்தைச் சொடுக்குகிறாள்.
ஃப்ரோடெபி மேற்கு, முப்பத்தோர் ஆலைகள்.
இறக்கைகள் ஒருக்களித்து
விளிம்பை மட்டும் காற்றுக்குக் காட்டி
மெல்ல
மெல்ல
நிற்கின்றன.
காற்றுள்ளபோது தூற்றாமல் இருப்பதற்கும் ஒரு விலை உண்டு;
அதற்கும் ரசீது போகும்.

முப்பத்தொன்றில் ஏழாவதில்
அவள் தம்பி மொம்மேவுக்குப் பங்கு இருக்கிறது.
ஐந்து நிமிடத்தில் அவன் செய்தி:
"மறுபடி நிறுத்திட்டியா? நிறுத்து, நிறுத்து.
போன தடவை வந்த நஷ்ட ஈட்டுலதான்
மாட்டுக் கொட்டகைக்குக் கூரை மாத்தினேன்."

அடுத்து டான்யூப் கரை. கோர்பினியான் எடுக்கிறான்.
அவனுடையது நிலக்கரி உலை.
மூடியாகிவிட்டது, ஆனால் மூடவில்லை;
ஓய்வு பெற்றவரை
வாரத்துக்கு இரண்டு தடவை வேலைக்குக் கூப்பிடுவதுபோல.
மதியமே சொல்லியிருந்ததால் கொதிகலன் சூடாக இருக்கிறது.
நானூறு மெகாவாட் என்கிறாள். தருகிறேன் என்கிறான்.
பிறகு, கேட்காமலே:
"புகைபோக்கியில ராஜாளி கூடு கட்டுது.
கொளுத்தினா போயிடும். அணைச்சா வந்திடும்.
அதுக்கு மட்டும்தான் இந்தக் கொள்கை புரிஞ்சிருக்கு போல."

வீப்கே சிரிக்கவில்லை. எண்ணைப் பார்க்கிறாள்.
நாற்பத்தொன்பது புள்ளி ஒன்பது ஏழு.
ஒன்பது எட்டு.
ஐம்பது ஹெர்ட்ஸ்.
லிஸ்பனிலிருந்து வார்சா வரை ஒரே நாடி.
எந்த வீட்டு விளக்கும் கண் சிமிட்டவில்லை,
யாரும் அண்ணாந்து பார்க்கவில்லை.
எதுவும் நடக்காமல் பார்த்துக்கொள்வதற்குத்தான் சம்பளம்.

"அங்க காத்து எப்படி?" என்கிறான் அவன்.
"பத்தொன்பது."
"எண்ணைக் கேக்கல."

நள்ளிரவில் பணி முடிந்து
சைக்கிள் நிறுத்துமிடத்தில் நின்று
தன் கைபேசியிலிருந்து கூப்பிடுகிறாள்.
ஒன்றும் சொல்லாமல் கையை உயர்த்திக்
காற்றுக்குள் பிடிக்கிறாள்.
கடலணைக்கு அப்பால், நின்றுபோன ஆலைகளின்
சிவப்பு விளக்குகள் சேர்ந்து எரிகின்றன, சேர்ந்து அணைகின்றன,
வேலையில்லாதவர்கள் வரிசையாக நின்று
சிகரெட் இழுப்பதுபோல.
உதட்டில் உப்பு.

காதில் வைக்கும்போது அவன் பேசிக்கொண்டிருக்கிறான்:
"...அதே சத்தம். அச்சு அசல்.
உலைக்குள்ள கரித்தூளை ஊதும்போது
நாங்க கேக்கற அதே சத்தம்.
என்னை ஏமாத்தலையே?"

இல்லை என்கிறாள்.

மார்ச் கடைசியோடு எங்களை மூடுகிறார்கள் என்கிறான்,
நீட்டிக்காவிட்டால்.
நீட்டிப்பார்கள் என்கிறான்.
அந்தக் குரலில் இருப்பது ஆசையா அலுப்பா
என்று அவளுக்குத் தெரியவில்லை, அவனுக்கும்தான்.

சைக்கிளில் ஏறிப் பார்க்கிறாள். நகரவில்லை.
இறங்கித் தள்ளிக்கொண்டு நடக்கிறாள்,
யாருக்கும் வேண்டாத அத்தனை காற்றும்
அவள் ஒருத்திமேல் வந்து மோத.